கைக்கும் உப்பு

எங்கள் குசினியில் கல்லுப்பு ஒரு மண்சட்டியில் இருக்கும். கார்த்திகை பிறந்து வாடைக்காற்று இறங்கியதும் சட்டியின் வெளிப்புறம் வியர்க்கத் தொடங்கும். அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் சேர்ந்துவிடும். ஒருவரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். அம்மா அதை வடித்துவிட்டு, உப்பைச் சுளகில் பரப்பி வெயிலில் வைப்பார். இரண்டு நாளில் மறுபடியும் ஈரம். அந்தச் சட்டிக்குள் நடப்பது என்ன என்று நான் யோசிக்கத் தொடங்கியது, பருத்தித்துறையில் அக்கா வீட்டு அறையொன்றில் கிடந்த இரண்டு டிஜே டேர்ன்டேபிள்களைக் கழற்றிய பிறகுதான்.

அவை மருமகனுடையவை. லண்டனில் தமிழ்க் கல்யாணங்களுக்குப் பாட்டுப் போட்டவன். ஒரு தரம் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தான், திரும்பும்போது பாரம் என்று விட்டுவிட்டுப் போனான். டெக்னிக்ஸ் எஸ்எல்-1210 எம்கே2, கறுப்பு நிறம். ஒவ்வொன்றும் பதினொரு கிலோ. கடலுக்கு இருநூறு யார் தூரத்தில், மேற்கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்று புகும் அறையில், பொலித்தீன் சுற்றி வைத்திருந்தார்கள். பொலித்தீனை அவிழ்த்தபோது கறுப்பு வர்ணத்துக்கு அடியில் மண்புழு ஊர்ந்தது போன்ற மெல்லிய தடங்கள் தெரிந்தன. திருகாணிகளில் கறள். அலுமினியத் தட்டின் ஓரத்தில் வெள்ளை மா. இசைத்தட்டின் மேல் ஊசியைத் தாங்கிச் செல்லும் கையின் அடியில் உயரத்தை மாற்றும் வளையம் ஒன்று உண்டு. அது அசையவே இல்லை.

நெல்லியடியில் முன்பு றேடியோ திருத்திய ஐயா ஒருவரிடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஸ்குரூட்றைவரை எடுக்கவில்லை. மூடியை விரலால் தடவி, விரலை நாக்கில் வைத்தார்.

"தம்பி, இது கறியுப்பு மாதிரி இல்லை. கைக்குது. முதலிலை கழுவும், பிறகு திருத்துவம்."

அந்தக் கைப்புச் சுவையில்தான் இந்த விடயம் முழுவதும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் இந்தப் பொறி எப்படிச் சுழல்கிறது என்று சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தவருக்கு அதைச் சொல்வது மிகச் சுலபம்.

1990 இல் யுத்தத்தால் லக்சபான நீர்மின்சாரம் நின்றது. அதன்பின் பல ஆண்டுகள் குடாநாடு இருட்டில் இருந்தது. பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்த டைனமோவைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடுவில் ஒரு காந்தம் சுழலும், சுற்றியிருக்கும் செப்புக் கம்பிச் சுருள் அசையாது. காந்தம் சுழன்றால் சுருளில் மின் பிறக்கும். இப்போது இதைத் தலைகீழாக்குங்கள். அசையாத சுருள்கள் பலவற்றுக்கு முறைவைத்து மின்னைக் கொடுத்தால் காந்தம் சுழலும். டெக்னிக்ஸில் அந்தக் காந்தம் ஒரு பெரிய வளையம், சுழல்தட்டின் அடிப்புறத்திலேயே பொருத்தப்பட்டது. தட்டை மோட்டர் சுழற்றுகிறது என்று சொல்வதே பிழை, தட்டுத்தான் மோட்டரின் பாதி. இடையில் பட்டி இல்லை, பற்சில்லு இல்லை, றப்பர்ச் சில்லு இல்லை. நிறுத்தி வைத்த தட்டைக் கையால் சுற்றினால் கீழேயுள்ள சுருள்களில் மின் எழும். நெல்லியடி ஐயா அதை மீற்றரில் காட்டியபோது, கவிழ்த்து வைத்த சைக்கிள்தான் என் கண்ணுக்கு முன் வந்தது.

பழைய பொறிகள் வேறு. கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டியவர்களிடம் இருந்தவற்றில் பெரும்பாலும் ஒரு சிறு மோட்டர், அதன் அச்சில் உரசும் றப்பர்ச் சில்லு, அந்தச் சில்லு உரசிச் சுழற்றும் தட்டு. சில்லை அச்சோடு ஒட்டியபடியே மாதக்கணக்கில் விட்டால் றப்பர் ஓரிடத்தில் குழிந்துவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டொக்'. அந்த மோட்டர் வழங்கல் மின்னின் மீடிறனைப் பின்பற்றி ஓடுவது. எங்களுடையது விநாடிக்கு 50 சுழற்சி. ஜெனறேற்றர் மூச்சு வாங்கி 49க்கு இறங்கினால் வேகத்தில் 2 விழுக்காடு குறையும், சுருதி அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். சீர்காழி கோவிந்தராஜன் ஒரு நொடி களைத்துப்போனது போலக் கேட்கும். கோயில் வீதியில் நின்று அதைக் கேட்டிருக்கிறேன்.

யப்பானில் மற்சுஷிற்றா நிறுவனத்தின் பொறியியலாளர் ஷூயிச்சி ஒபாத்தாவின் குழு இந்த நேரடிச் சுழற்சி முறையை 1970 இல் எஸ்பி-10 என்ற பொறியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. எஸ்எல்-1200 வந்தது 1972 இல், எம்கே2 வடிவம் 1979 இல். இடையில், 1973 ஓகஸ்ற் 11 அன்று நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியில் கூல் ஹேர்க் என்ற யமைக்கா இளைஞர் தங்கையின் கொண்டாட்டத்தில் பாட்டுப் போட்டார். ஹிப்ஹொப் பிறந்த நாளாக அதைத்தான் சொல்வார்கள். பாட்டில் தாளம் மட்டும் தனியே வரும் பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவது அவர் முறை. அந்த வழியில் வந்தவர்களுக்கு இசைத்தட்டைக் கையால் பிடித்து நிறுத்தவும், பின்னுக்கு இழுக்கவும், விட்ட கணத்தில் அது முழு வேகம் பிடிக்கவும் வேண்டியிருந்தது. பட்டியால் இழுபடும் தட்டு இதற்குத் தாங்காது, வழுக்கும். எம்கே2 நின்ற நிலையிலிருந்து நிமிடத்துக்கு 33⅓ சுற்றை 0.7 விநாடியில் பிடித்துவிடும். யமைக்காவின் தெருவோர ஒலிபெருக்கிக் கூட்டங்களும் எங்கள் கோயில் வீதி லவுட்ஸ்பீக்கர் செற்றும் ஒரே இனம் என்பது என் எண்ணம். ஊர் முழுவதற்கும் ஒருவர் பாட்டுத் தெரிவுசெய்வது இரண்டுக்கும் பொது. அந்த வேலையை நம்மவர்கள் புதிதாகக் கற்கவில்லை.

எம்கே2 இன் வேகத்தை நிர்ணயிப்பது உள்ளே துடிக்கும் குவார்ட்ஸ் பளிங்கு ஒன்று. வழங்கல் மின்னின் மீடிறன் ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை. ஜெனறேற்றரில் ஓடும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பொறி இல்லை என்றே சொல்வேன். ஒரேயொரு எச்சரிக்கை. யப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை 100 வோல்ற்றுக்கு உரியவை. பழைய பொருளாக அங்கிருந்து வந்ததை எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகினால் மின்மாற்றி கருகிவிடும். பின்புறத் தகட்டை வாசித்த பிறகே செருக வேண்டும்.

இனி உப்பு.

கடல்நீர் ஒரு லீற்றரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை நுரைக்கும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் கண்ணுக்குத் தெரியாத துளிகளை மேலே வீசுகிறது. நீர் ஆவியாக, உப்புத் துணிக்கை காற்றோடு போகிறது. குடாநாட்டில் எந்த வீட்டிலிருந்தும் கடலோ களப்போ சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். சோளகக் காற்று களப்பைக் கடந்து வருகிறது, வாடை வடமராட்சிக் கரையில் நேரே கடலிலிருந்து ஏறுகிறது. எந்தக் காற்று அடித்தாலும் உப்பு வரும்.

கடலுப்பு தனிச் சோடியம் குளோரைட்டு அன்று. அதில் மகனீசியம் குளோரைட்டும் கணிசமாகக் கலந்திருக்கிறது. கைக்கும் சுவை அதனுடையது. ஆனையிறவு போன்ற உப்பளங்களில் கறியுப்பு படிந்த பிறகு எஞ்சும் கைப்பு நீரைத் திறந்துவிடுவது இதற்காகத்தான். அந்த நீர் சரியாக வடியாத உப்புத்தான் சட்டியில் அழும்.

இந்த இரண்டு உப்புக்கும் உள்ள வேறுபாடு ஓர் எண்ணில் இருக்கிறது. தூய சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாக மாற, காற்றின் சாரீரப்பதன் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். மகனீசியம் குளோரைட்டுக்கு 33 விழுக்காடே போதும். யாழ்ப்பாணத்தில் காற்று அவ்வளவு உலர்வது எப்போது? சோளகம் அடிக்கும் ஆடி மாத மத்தியானத்திலும் அதற்கு மேல்தான் நிற்கும். ஆகவே உலோகத்தின் மேல் இந்த உப்புப் படிந்துவிட்டால் அங்கே ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இரவும் பகலும் காயாமல் கிடக்கும். கைக்கு உலர்ந்தது போலத் தெரியும், உலோகத்துக்கு அது கடலுக்குள் கிடப்பதுபோலத்தான். மழையில் நனைந்து காய்ந்த பொறி பிழைத்துக்கொள்ளும். மழையே படாமல் உப்புக் காற்றில் பத்து ஆண்டு இருந்தது பிழைக்காது. அக்கா வீட்டுப் பொலித்தீன் மழையைத் தடுத்தது உண்மை. ஆனால் ஏற்கெனவே உள்ளே போய்விட்ட உப்பையும் ஈரத்தையும் அது வெளியே விடவில்லை.

டெக்னிக்ஸின் உடலும் தட்டும் அலுமினியம். அலுமினியத்துக்குக் கறள் பிடிக்காது என்பது நம்பிக்கை. அதன் மேல் காற்றுப் பட்டதும் ஒட்சைட்டுத் தோல் ஒன்று உருவாகும், தடிப்பு சில நனோமீற்றர்தான். தலைமயிரின் தடிப்பைப் பல ஆயிரமாகப் பிரித்து எண்ண வேண்டிய அளவு. அந்தத் தோல்தான் காப்பு. குளோரைட்டு அயன் அதில் பலவீனமான இடம் பார்த்து உடைத்து நுழையும். நுழைந்த குழிக்குள் அலுமினியம் கரைந்து, நீரோடு தாக்கமுற்று அமிலம் உண்டாகும். அமிலம் இன்னும் அலுமினியத்தைக் கரைக்கும். மின்னேற்றத்தைச் சமநிலைப்படுத்த வெளியிலிருந்து இன்னும் குளோரைட்டு உள்ளே இழுபடும். ஒரு தரம் தொடங்கிய குழி தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. வெளியே தெரியும் வெள்ளை மா அதன் கழிவு. வர்ணத்துக்கு அடியில் புழுத் தடம்போல ஓடியதும் இதே கூத்துத்தான். தடத்தின் தலையில் அமிலம், வாலில் உலர்ந்த மா. வர்ணத்தைத் தூக்கிக்கொண்டு தலை நகர்ந்துகொண்டே போகும்.

திருகாணிகளில் நடப்பது இன்னொன்று. உருக்கு ஆணி, அலுமினியத் துளை, இடையில் உப்புநீர்: மூன்றும் சேர்ந்தால் அது ஒரு பற்றறி. இந்தப் பற்றறியில் கரையும் பக்கம் அலுமினியம். ஆணியில் கறளைப் பார்த்து ஆணிக்காக வருந்துகிறோம், தின்னப்படுவது துளை. துருப்பிடிக்காத உருக்கு ஆணி வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று நானும் நினைத்தேன். அந்த ஆணி பளபளப்பாகவே இருக்கும், துளை தொடர்ந்து கரையும். ஆணிப் புரியில் கிறீஸ் தடவி, உப்புநீர் புகாமல் அடைத்துப் பூட்டுவதுதான் வழி.

இங்கே எங்கள் வீட்டுக் கைமருந்து ஒன்று கெடுதல் செய்யும். குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குகிறோம். புளியிலுள்ள தாத்தாரிக்கமிலம் செம்பின் களிம்பைக் கரைக்கும், பித்தளை மின்னும். சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று இருக்கிறது. அது காரம். பித்தளைக்குப் பரவாயில்லை, அலுமினியத்தின் ஒட்சைட்டுத் தோலைக் காரம் கரைத்துவிடும். சாம்பலால் தேய்த்த அலுமினியச் சட்டி கறுத்துப்போவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். இந்தத் தட்டில் சாம்பல் படவே கூடாது, சலவைச் சோடாவும் கூடாது. கழற்றியெடுத்த சிறு உருக்குத் துண்டுகளைத் தேசிக்காய்ச் சாற்றின் சிற்றிக்கமிலத்தில் ஊறப்போடலாம். கறள் கரைந்ததும் நன்றாகக் கழுவி உடனே உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும்.

கழுவுவது என்றால் எந்தத் தண்ணீரால்? எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. நல்லதண்ணிக் கிணற்றிலும் கல்சியம் உண்டு, கரையோரக் கிணறுகள் உவர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை ஊற்றினால் என்ன பயன்? கராச்சில் விற்கும் பற்றறித் தண்ணீர் சரி, ஆனால் பெரிய உடலைக் கழுவ அது கட்டுப்படியாகாது. எனக்கு உதவியது ஐப்பசி மழை. முதல் ஒரு மணி நேரம் பெய்ததை விட்டுவிட வேண்டும், கூரையிலும் காற்றிலும் இருந்த உப்பு அதில் போகும். பிறகு பிடித்தது வீட்டு வாசலுக்கே வந்த காய்ச்சி வடித்த நீர் போன்றது. மின்சுற்றுப் பலகை, மின்மாற்றி, கை, அச்சுத் தாங்கி எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு, வெற்று உடலை இளஞ்சூட்டு மழைநீரில் கொஞ்சம் பாத்திரச் சவர்க்காரத்தோடு கழுவினேன். பிறகு வெறும் மழைநீரில் ஊறவைத்து நாளுக்கொரு தரம் தண்ணீர் மாற்றினேன்.

போதும் என்று எப்படித் தெரியும்? உயர்தர இரசாயனம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: குளோரைட்டு உள்ள நீரில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஒரு துளி விட்டால் பால்போல வெள்ளை வீழ்படிவு. முதல் நாள் நீர் தயிர்போல் திரண்டது. ஐந்தாம் நாள் மெல்லிய புகைபோல. எட்டாம் நாள் துளி விழுந்தும் நீர் தெளிவாகவே நின்றது. அந்தத் தெளிவைப் பார்த்த மகிழ்ச்சி பிறகு பாட்டைக் கேட்டபோதும் எனக்கு வரவில்லை.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் தொல்பொருள் காப்பாளர்கள். 1864 இல் அமெரிக்காவின் சாள்ஸ்ரன் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிய ஹன்லி என்ற இரும்பு நீர்மூழ்கியை 2000 ஆம் ஆண்டில் தூக்கினார்கள். 2014 இல் அதைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் அமிழ்த்தினார்கள், இரும்புக்குள் ஊறிய குளோரைட்டை வெளியே இழுப்பதற்காக. இரும்பு காரத்தைத் தாங்கும், அலுமினியம் தாங்காது. முறை வேறு, எதிரி ஒன்றே. மேலிருக்கும் கறளைச் சுரண்டிவிட்டு உள்ளே உப்பை விட்டால் சில மாதத்தில் அதே இடம் மறுபடி வியர்க்கும்.

மின்பலகைக்குத் தண்ணீர் வேண்டாம், ஐசோபுரோப்பைல் அற்ககோலும் மென்மையான தூரிகையும். பெரிய மின்பகு கொள்ளளவிகளை மாற்றிவிடுவது நல்லது. அவற்றின் உள்ளிருக்கும் திரவம் சூட்டில் மெல்ல உலர்கிறது, 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எங்கள் ஊர்ச் சூட்டுக்கு இது சின்ன விடயம் அன்று. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவியின் காபன் பாதையில் தூசு படிந்தால் வேகம் துள்ளும், பெரும்பாலும் சுத்தம் செய்தாலே சரிவரும். அச்சுத் தாங்கிக்கு இரண்டு மூன்று துளி எண்ணெய். இவையெல்லாம் எந்த ஊரிலும் உள்ள வேலைதான்.

தொடுமுனைகள் மட்டும் தனியே சொல்லத்தக்கவை. ஊசித்தலையிலிருந்து வரும் சைகை சில மில்லிவோல்ற்றுகள்தான். மின்குமிழ்ச் சுவிச்சில் மெல்லிய ஒட்சைட்டு படிந்தாலும் 230 வோல்ற்று அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். மில்லிவோல்ற்றுக்கு அந்தப் பலம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத படலம் அதற்கு மதில். அதனால்தான் நன்றாகச் சுழலும் பொறியில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு வராமல் போகிறது. களப்புச் சேறு நாறும் நாட்களில் காற்றில் ஐதரசன் சல்பைட்டும் இருக்கும், வெள்ளிக் கொலுசைக் கறுக்கவைப்பது அதுதான். வெள்ளி பூசிய தொடுமுனை எங்கிருந்தாலும் அதற்கும் அதே கதி. ஊசித்தலையின் நான்கு முனைகளையும் அற்ககோலில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தேன். வலது பக்கம் உயிர் வந்தது.

பூட்டிய பிறகு சோதிப்பது தட்டின் ஓரத்துப் புள்ளிகளால். நான்கு வரிசையாக வார்த்த சிறு புள்ளிகள், பக்கத்தில் சிவப்பு விளக்கு. அந்த விளக்கு குவார்ட்ஸின் தாளத்துக்கு மின்னி மின்னி அணைகிறது. ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையில் புள்ளி சரியாக ஓர் இடம் நகர்ந்தால், அடுத்த புள்ளி முன்னதன் இடத்தில் நிற்கும், கண்ணுக்கு ஒன்றுமே அசையாதது போலத் தெரியும். சரியான வேகத்துக்கு உரிய வரிசையின் புள்ளிகள் நகர்ந்தால் வேகம் பிழை. முதலாவது பொறியில் வரிசை ஒன்று கல்லில் செதுக்கியது போல நின்றது.

நான் இதற்கு இவ்வளவு மெனக்கெட்டது டிஜேக்காக மட்டும் அன்று. ஏ-40 ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் அரை நூற்றாண்டு ஓட்டிய ஊர் இது. யுத்த காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓட்டினோம். ஆனால் காரை ஓட்டாமல் விட்டாலும் கார் கார்தான். இசைத்தட்டு அப்படியல்ல, வாசிக்கப் பொறி இல்லையென்றால் அது வெறும் கறுப்பு வட்டம். நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது, ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துகிறது. ஏட்டைக் கண்ணால் படித்து நகல் எடுக்கலாம். அலுமாரி அடியில் கிடக்கும் இசைத்தட்டைக் கண்ணால் கேட்க முடியாது. சுருதி பிசகாத வேகத்தில் சுழலும் தட்டும் பாரம் குறைந்த நல்ல ஊசியும் வேண்டும். டிஜேக்களின் முரட்டுக் கைக்கென்று செய்த இந்தப் பொறி அந்த வேலைக்கும் ஏற்றது.

இப்போது முதலாவது பொறி பருத்தித் துணி மூடி, கடற்கரைக்கு எதிர்ப்புற அறையில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தரம் அரை மணி நேரம் ஓடவிடுகிறேன். இரண்டாவதன் உடல் மழைநீர்த் தொட்டியில் கிடக்கிறது. நேற்றைய துளிக்கு நீர் இன்னும் புகைந்தது. கையின் உயர வளையமும் அசையவில்லை. உள்ளே கிறீஸ் இறுகி, அலுமினிய மா புரியை அடைத்திருக்கிறது. பலமாகத் திருகினால் புரி உடைந்துவிடும். மாலையில் ஊடுருவும் எண்ணெய் இரண்டு துளி விடுகிறேன். வெளிவளையத்தை மட்டும் தலைமயிர் உலர்த்தியால் சூடாக்கினால் அது உள்ளிருப்பதைவிடக் கொஞ்சம் விரியும். அந்த இடைவெளியில் எண்ணெய் இறங்க வேண்டும். ஐயா நாளைக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.